கயிற்றை விரிக்க முதல், ஊகத்தை எழுதச் சொல்லுங்கள்

நீங்கள் எழுதியது இதுதான்: யாழ்ப்பாணத் தீவகத்தில் ஒரு பாடசாலையில் முதல் நியமனம் கிடைத்து நாலு மாதம், தரம் 7 இற்கும் 8 இற்கும் கணிதம், வகுப்பில் 36 பிள்ளைகள், 40 நிமிடப் பாடவேளை, புரொஜெக்டர் இல்லை, அடுத்த கிழமை தரம் 8 இற்குப் பரப்பளவு தொடங்க வேண்டும். ‘கணிதத்தைப் புதுமையாகக் கற்பிக்க வகுப்பறை யோசனைகள் தாருங்கள்’ என்று கேட்டுவிட்டு, கடைசியில் ஒரு வரி சேர்த்திருந்தீர்கள். ‘விளையாட்டு வைத்தால் சந்தோசமாக விளையாடுகிறார்கள், அடுத்த நாள் கணக்கைக் கொடுத்தால் பழையபடி முழிக்கிறார்கள்.’ எனக்கு அந்தக் கடைசி வரிதான் கேள்வியாகப் பட்டது. விளையாட்டில் அவ்வளவு துடிப்பாக நின்ற பிள்ளை கணக்குக்குள் ஏன் வரவில்லை? அதற்குப் பதில் எழுதுகிறேன். யோசனைகள் போகிற வழியில் வரும்.

நான் வலிகாமத்திலும் வடமராட்சியிலும் 31 வருடம் தரம் 6 இலிருந்து 11 வரை கணிதம் படிப்பித்தவன். உங்களுக்கு நடந்தது எனக்கும் நடந்தது. இரண்டாம் வருடம், தரம் 6 இற்குப் பின்னம் தொடங்கும்போது வீட்டில் கேக் செய்வித்துக் கொண்டுபோனேன். இரண்டாக வெட்டினேன், நாலாக வெட்டினேன், எட்டாக வெட்டினேன். வகுப்பு கலகலத்தது. அடுத்த கிழமை ‘போன கிழமை என்ன படிச்சனாங்கள்?’ என்று கேட்டேன். ‘கேக் சாப்பிட்டனாங்கள் சேர்’ என்றார்கள். உண்மையான பதில். அவர்கள் செய்தது அதைத்தான். வெட்டியது நான், எண்ணியது நான், ‘ஆகவே எட்டில் இரண்டும் நாலில் ஒன்றும் சமன்’ என்று முடித்ததும் நான். பிள்ளை மூளையால் செய்ய வேண்டியது அந்தப் பாடவேளையில் ஒன்றுகூட இல்லை.

அதற்குப் பிறகு நான் எந்தச் செயற்பாட்டையும் ஒரே கேள்வியால் சோதிக்கப் பழகினேன்: இதில் பிள்ளை தன் வாயால் ஒரு விடையை முதலே சொல்லி, அது பிழைத்துப்போகிற இடம் இருக்கிறதா? இருந்தால் அந்தச் செயற்பாட்டில் கணிதம் இருக்கிறது. இல்லாவிட்டால் அது கைவேலை. கைவேலையும் நல்லதுதான், ஆனால் அதை நம்பிப் பரப்பளவு படிப்பிக்க முடியாது.

பரப்பளவையே எடுப்போம். யாழ்ப்பாணத்துப் பிள்ளைக்குப் ‘பரப்பு’ என்ற சொல் புத்தகத்துக்கு முதலே தெரியும். ‘எங்கட தோட்டம் நாலு பரப்பு’, ‘மாமா வித்தது ஒண்டரைப் பரப்பு’ என்று வீட்டில் கேட்டே வளர்ந்திருக்கும். தோட்டக்காணிக்கும் குடியிருப்புக் காணிக்கும் ஒரு பரப்பு என்றால் 10 பேர்ச், அதாவது 2722.5 சதுர அடி. 16 பரப்பு ஓர் ஏக்கர். வயல் பரப்புக்குக் கணக்கு வேறு. யாராவது ஒரு பிள்ளை எழும்பி அதைச் சொன்னால் இடைமறிக்காமல் கேளுங்கள். நான் தரம் 8 ஐ மைதானத்துக்குக் கூட்டிக்கொண்டு போய், ‘இதில் ஒரு பரப்பு எவ்வளவு இடம்? சதுரமாக எண்டால் எங்க வரைக்கும் வரும்? போய் நில்லுங்கோ’ என்பேன். நாலு பேர் நாலு மூலையில் நிற்பார்கள். சிலர் பாதி மைதானத்தையே வளைத்துவிடுவார்கள். சிலருக்கு வகுப்பறை அளவே ஒரு பரப்பு. பிறகு கயிற்றால் 52 அடிக்கு 52 அடி அளந்து மூலைக்கு மூலை தடி நடுவோம். (சரியாகச் சொன்னால் 52 அடி 2 அங்குலம், வகுப்புக்கு 52 போதும்.) அந்தச் சதுரத்துக்குள் நின்று பார்க்கும்போதுதான் பல பிள்ளைகளுக்குத் தங்கள் வீட்டுக் காணி எவ்வளவு என்பது முதன்முதலாகக் கண்ணில் தெரிகிறது.

இதுவரை நடந்தது கைவேலைதான். கணிதம் அடுத்த கேள்வியில் இருக்கிறது. ‘எனக்கு ரெண்டு பரப்பு வேணும். அதுவும் சதுரமா வேணும். பக்கம் எத்தினை அடி?’ எல்லோரும் கொப்பியில் எழுத வேண்டும், எழுதினதை அழிக்கக்கூடாது. 36 பேரில் 30 பேர் 104 என்று எழுதுவார்கள். சரி, 104 அடிக்கு இழுத்துப் பாருங்கள் என்று விட்டுவிட்டு நான் மரநிழலில் நிற்பேன். ஒருமுறை கயிற்றின் மறு அந்தத்தைப் பிடித்துக்கொண்டு ஓடிய பொடியன் பாதி வழியில் நின்று திரும்பிப் பார்த்தான். ‘சேர், இது ரெண்டில்லை. நாலு வரும்.’ அவன் சொன்னதை மற்றவர்கள் நம்பவில்லை. முதல் சதுரத்தைப் போலப் பக்கத்தில் ஒன்று, பின்னால் இரண்டு என்று வெண்கட்டித் தூள் தூவிக் காட்டினான். அதற்குப் பிறகு ஒரு சத்தமும் இல்லை. ‘அப்ப ரெண்டுக்கு?’ என்றேன். 52 இற்கும் 104 இற்கும் நடுவில் 78 என்றது ஒரு பிள்ளை. 78 ஐ 78 ஆல் பெருக்கினால் 6084. எங்களுக்கு வேண்டியது 5445. கூடிவிட்டது. 75, அதுவும் கூட. 73 குறைய, 74 கூட. கீழே உட்கார்ந்து மண்ணில் பெருக்கிக்கொண்டே இருந்தார்கள். நான் ஒரு கணக்கும் கொடுக்கவில்லை, ஆனால் அந்தப் பாடவேளையில் அவர்கள் செய்த பெருக்கல் ஒரு பயிற்சியைவிட அதிகம்.

முடிவில் ஒரு பெண்பிள்ளை, முதல் சதுரத்தின் மூலையிலிருந்து எதிர்மூலைக்குக் குறுக்காகக் கயிற்றைப் பிடித்து, அந்த நீளத்தைப் பக்கமாக வைக்கலாமா என்று கேட்டாள். அளந்தால் 74 அடிக்குச் சற்றுக் குறைவு. ஏன் அப்படி வருகிறது என்பதை வகுப்புக்குத் திரும்பிக் கடதாசியில் காட்டினோம். ஒரு சதுரக் கடதாசியின் நாலு மூலைகளையும் நடுவுக்கு மடித்தால் உள்ளே வரும் சதுரம் பாதிப் பரப்பளவு. விரித்தால் இரண்டு மடங்கு. சோக்கிரதீசு ஓர் அடிமைச் சிறுவனிடம் இதே கேள்வியைக் கேட்டதாகக் கிரேக்கத்தில் 2400 வருடத்துக்கு முன்னைய கதை உண்டு. அந்தச் சிறுவனும் முதலில் பக்கத்தை இரண்டு மடங்காக்கினான். எங்கள் பிள்ளைகள் விடும் பிழை எவ்வளவு மரியாதைக்குரியது என்பதற்காகவே இதைச் சொல்கிறேன்.

மைதானத்தில் சதுரம் போடும்போது இன்னொரு கேள்வி தானாக எழும்பும்: மூலை நேராக இருக்கிறதா? வீட்டுக்கு அத்திவாரம் போடும் மேசன்மார் ஒரு பக்கம் 3 அடி, மறுபக்கம் 4 அடி அளந்து, குறுக்கே 5 அடி வருகிறதா என்று பார்ப்பார்கள். தகப்பன் மேசனாக இருந்தால் பிள்ளைக்கு இது தெரிந்திருக்கும். அந்தப் பிள்ளையை முன்னால் கூப்பிட்டுச் செய்விக்கலாம். தரம் 9 இல் பைதகரசின் தேற்றம் வரும்போது இதிலிருந்தே தொடங்கலாம். அப்போது யாராவது வட்ஸ்அப்பில் வந்த பழைய செய்யுளைக் கொண்டுவருவார்கள்: நீளப் பக்கத்தை எட்டுக் கூறாக்கி, ஒரு கூறைத் தள்ளி, மிச்சத்தோடு மற்றப் பக்கத்தின் பாதியைக் கூட்டினால் கர்ணம், அதாவது குறுக்கே வரும் பக்கம், வரும், பைதகரசுக்கு முன்னமே தமிழர் கண்டது என்று. அதைப் புறந்தள்ளவும் வேண்டாம், அப்படியே ஏற்கவும் வேண்டாம். பிள்ளைகளிடமே கொடுங்கள். 3, 4 என்றால் 5 வருகிறது, சரி. 5, 12 என்றால் 13, அதுவும் சரி. இந்த இடத்தில் வகுப்பு கைதட்டும். 8, 15 என்று போட்டால் 17 இற்குப் பதிலாக 17.125. 20, 21 இற்கு 29 வரவேண்டியது, 28.375 தான் வருகிறது. எங்கள் ஒரு பரப்புச் சதுரத்தில் போட்டால் 71.5 அடி. கயிறு காட்டியதோ 74 இற்குக் கிட்ட. இரண்டு அடி வித்தியாசத்தை மைதானத்தில் காலால் காட்டலாம்.

இதில் எது உறுதி, எது இல்லை என்பதைப் பிள்ளைகளே பிரித்துவிடுவார்கள். அந்த விதி அண்ணளவானது என்பது உறுதி, ஏனென்றால் பிழைக்கும் உதாரணம் கையில் இருக்கிறது. வர்க்கமூலம் எடுக்காமல் கூட்டிக் கழித்தே கிட்ட வந்துவிடுகிறது என்பதால் அளப்பவனுக்கு அருமையான விதி என்பதும் உறுதி. அது தேற்றத்துக்குச் சமன் என்ற பேச்சு மட்டும் நிற்காது. ஒரு பெருமையைச் சோதித்துப் பார்க்கலாம், சோதித்த பிறகும் அதில் பெறுமதி மிஞ்சலாம் என்று 14 வயதில் தெரிந்துகொள்வது சின்ன விசயம் இல்லை.

நின்று பிடிக்கும் பழைய விதி வேண்டுமானால் வட்டத்துக்கு ஒன்று இருக்கிறது. கணக்கதிகாரம் என்ற பழைய தமிழ்க் கணித நூலில் வரும் ‘வட்டத்தரை கொண்டு விட்டத்தரை தாக்கச் சட்டெனத் தோன்றும் குழி’: பரிதியின் பாதியை விட்டத்தின் பாதியால் பெருக்கினால் பரப்பளவு. இது அண்ணளவு இல்லை, முழுச் சரி. கடதாசி வட்டத்தைப் 16 துண்டாக வெட்டி, கூர் மேலும் கீழுமாக மாறி மாறி அடுக்கினால் கிட்டத்தட்ட ஒரு செவ்வகம் வரும். அதன் நீளம் பரிதியின் பாதி, அகலம் ஆரை. பாட்டு கண்முன்னே படமாகிவிடும். ஆனால் வெட்டத் தொடங்க முதல் ஒரு தேநீர்க் கிளாசை மேசையில் வைத்து, ‘இதன்ர உயரம் கூடவோ, வாயைச் சுத்தி வாற நீளம் கூடவோ?’ என்று கேளுங்கள். வகுப்பே உயரம் என்று சொல்லும். நூலைச் சுற்றிப் பிடித்துக் காட்டும்போது வரும் அந்த ‘ஆ!’ தான் பரிதி விட்டத்தைப்போல் மூன்று மடங்குக்கும் சற்றுக் கூட என்பதைப் பிள்ளைக்குள் பதிய வைக்கிறது.

பின்னத்துக்குக் கேக் வேண்டாம் என்று நான் கண்டது, எங்கள் மொழியே பின்னத்தில் நிறைந்திருப்பதைக் கவனித்த பிறகு. கால், அரை, முக்கால் எல்லோருக்கும் தெரியும். ‘அரைக்கால்’ என்றால் எவ்வளவு என்று கேளுங்கள். அரையும் காலும் கூட்டி முக்கால் என்பார்கள் சிலர். காலில் அரை, அதாவது எட்டில் ஒன்று என்று ஒரு பிள்ளையாவது பிடித்துவிடும். பின்னத்தைப் பின்னத்தால் பெருக்கினால் ஏன் சிறுக்கிறது என்ற கேள்விக்கு, அந்த ஒரு சொல்லே விடை. வீசம் என்பது பதினாறில் ஒன்று. ‘முக்காலே மூன்று வீசம்’ என்று பெரியவர்கள் சொல்வது எவ்வளவு என்று கூட்டச் சொல்லுங்கள். 16 இல் 12 உம் 16 இல் 3 உம் சேர்ந்து 16 இல் 15. ஒன்றுக்கு ஒரு வீசம்தான் குறைவு. பொதுப் பகுதி எண் எதற்கு என்பது அங்கே தெரிகிறது: கால் எத்தனை வீசம் என்று தெரியாமல் கூட்ட முடியாது. ஓர் ஏக்கரில் ஒரு பரப்பு எத்தனை பங்கு என்றும் அப்போதே கேட்டுவிடலாம். அதுவும் ஒரு வீசம்தான்.

புள்ளிவிபரத்துக்கு ஆவணி, புரட்டாதியில் பனம்பழம் விழும்போது ஒரு செயற்பாடு செய்வேன். பெரும்பாலும் ஒரு பழத்தில் மூன்று கொட்டை, சிலதில் இரண்டு, சிலதில் ஒன்று. எண்ணாமல் கேட்டால் ‘மூண்டுதான் சேர் எப்பவும்’ என்பார்கள். ஆளுக்குப் பத்துப் பழம் எண்ணிவந்து ஒரே அட்டவணையில் போட்டால் ஆகாரம் (கூடுதல் தடவை வரும் எண்), இடையம் (வரிசையில் நடு எண்), இடை (சராசரி) மூன்றும் வந்துவிடும். எங்களுக்கு இடை இரண்டுக்கும் மூன்றுக்கும் நடுவில் தசமத்தில் வந்தது. ‘அப்பிடி ஒரு பழமே இல்லையே சேர்’ என்றது ஒரு பிள்ளை. இடை என்பது என்ன, என்ன இல்லை என்று நான் பத்து வருடம் சொல்லி விளங்காதது அந்தக் கேள்வியோடு விளங்கியது. தாயத்துக்குப் போடும் சோகியையும் நிகழ்தகவுக்கு இப்படிப் பயன்படுத்தலாம். நாணயம்போல இரு பக்கமும் சமன் என்று முன்கூட்டிச் சொல்ல முடியாத பொருள் அது. நூறுதரம் போட்டுப் பார்த்தால்தான் தெரியும்.

இனி, நீங்கள் கேட்ட, விளையாட்டுக்கும் கணக்குக்கும் நடுவில் அறுந்த அந்த இடத்துக்கு வருகிறேன். மருதனார்மடம் சந்தையில் தாயோடு மரக்கறி விற்றுவிட்டு முதல் பாடவேளைக்குப் பிந்தி வரும் ஒரு மாணவன் என்னிடம் படித்தான். 480 ஐ 0.35 ஆல் பெருக்கு என்றால் 1680 என்று எழுதுவான். ஒருநாள் நான் அவனுடைய கடையில் போஞ்சி வாங்கப் போனேன். கிலோ 480, நான் கேட்டது 350 கிராம். தராசிலிருந்து கண்ணை எடுக்காமலே ‘நூற்றறுபத்தெட்டு சேர்’ என்றான். எப்படியடா என்று கேட்டேன். ‘கால் கிலோ நூற்றிருபது, நூறு கிராம் நாப்பத்தெட்டு.’ அவ்வளவுதான். அடுத்த நாள் வகுப்பில் அவன் சொன்ன அதே சொற்களைக் கரும்பலகையில் எழுதினேன். பக்கத்தில் 480 × 0.25, 480 × 0.10 என்று எழுதி, கீழே 480 × 0.35 என்று எழுதினேன். அவன் வந்து தன் கொப்பியில் இருந்த 1680 ஐப் பார்த்து, ‘உந்த விலைக்கு ஆர் வாங்குவினம்’ என்று தானே வெட்டினான். அந்த நாளிலிருந்து ஒவ்வொரு விடைக்கும் பக்கத்தில் ‘இந்த விலைக்கு வாங்குவார்களா?’ என்று பார்ப்பது எங்கள் வகுப்பின் வழக்கமாகிவிட்டது.

இது என் ஒருவன் அனுபவம் மட்டும் இல்லை. 1985 இல் பிரேசிலின் ரெசிபே நகரத்தில் மூன்று ஆய்வாளர்கள், தெருவில் விற்கும் 9 முதல் 15 வயதுப் பிள்ளைகள் ஐந்து பேரைப் பார்த்து எழுதினார்கள். விற்கும் இடத்தில் கேட்ட கணக்குகளில் நூற்றுக்கு 98 சரி. அதே எண்களை வெறும் கணக்காகத் தாளில் கொடுத்தபோது நூற்றுக்கு 37 தான் சரி. ஐந்து பேர் மிகச் சிறிய தொகை என்பதை மறக்கக்கூடாது, ஆனாலும் வகுப்பில் நிற்பவர்களுக்கு அது நன்கு தெரிந்த காட்சி. அதைப் படித்துவிட்டு வகுப்புக்குள் ‘சந்தை’ போட்டால் சரிவரும் என்று நானும் நினைத்தேன். பொய்க் காசு, பொய்க் கத்தரிக்காய், ஒருவருக்கும் நட்டமில்லை. கணக்குப் பிழைத்தாலும் யாரும் கவலைப்படவில்லை. 2009 இல் அமெரிக்காவில் செய்த ஓர் ஆய்வில், உண்மை நோட்டுப்போல அச்சடித்த காசைக் கையில் கொடுத்த பிள்ளைகள் வசனக் கணக்குகளில் கூடுதலாகவே பிழைவிட்டார்கள் என்று வந்தது. ஆனால் அவர்கள் விட்ட பிழைகளில் விளக்கக் குறைவால் வந்தவை குறைவு. ஆகவே பொருளைக் கையில் கொடுப்பது எப்போதும் நன்மை என்று சொல்ல முடியாது. பொருள் கண்ணைப் பிடித்துக்கொண்டால் எண் பின்னுக்குப் போய்விடுகிறது.

கலாசாலையில் உளவியலாளர் புரூனரைப் படித்திருப்பீர்கள்: முதலில் செயல், பிறகு படம், பிறகு குறியீடு. நாங்கள் அவசரத்தில் விடுவது நடுவில் உள்ள படத்தை. மைதானத்தில் கயிறு இழுத்த பிள்ளை அடுத்த நாள் நேரே நீளம் × அகலம் என்ற கணக்கில் விழுகிறது. நடுவில் ஒரு பாடவேளை, நேற்று நடந்ததைச் சதுரக்கோடு போட்ட கொப்பியில் வரைந்து, பக்கத்தில் மூன்று வசனம் எழுதச் சொல்லுங்கள்: ‘நான் நினைச்சது இது. வந்தது இது. ஏனெண்டால்…’ இந்த மூன்றாவது பகுதிதான் பாலம். தொடக்கத்தில் அரைகுறையாக எழுதுவார்கள். திருத்தாமல் விடுங்கள். மூன்று நாலு கிழமையில் வசனம் நீளும். அதற்குப் பிறகு பொருளை உள்ளே வைத்துப் பூட்டிவிடுங்கள். கயிற்றோடேயே தவணை முழுக்க நின்றால் அதுவும் ஒரு ஊன்றுகோலாகிவிடும்.

ஊகத்தைச் சொல்லவே பயப்படும் பிள்ளைகளை என்ன செய்வது? இதற்கு விடை எனக்கு, யுத்தத்தால் வந்த 1995 ஒக்டோபர் இடப்பெயர்வுக்குப் பிறகு கிடைத்தது. வலிகாமத்திலிருந்து எல்லோரும் தென்மராட்சிக்குப் போய், கிடைத்த இடத்தில் கொட்டில் போட்டுப் படிப்பித்த மாதங்கள். புத்தகம் இல்லை, பலகை இல்லை, வெண்கட்டி இல்லை. மண்ணில் விரலால் எழுதினோம். எப்போதும் வாய் திறக்காத பிள்ளைகள் அங்கே ஏதோ எழுதிக்கொண்டே இருந்தார்கள். பார்த்தால், பிழைத்தால் உள்ளங்கையால் தடவிவிடலாம், யாருக்கும் தெரியாது, சிவப்புக் கோடு இல்லை. கட்டடத்துக்குத் திரும்பியபின் அதை விடக்கூடாது என்று, பழைய பிளாஸ்ரிக் பைல் உறைக்குள் வெள்ளைத் தாள் வைத்து ஆளுக்கொன்று கொடுத்தேன். மார்க்கரால் எழுதிப் பழந்துணியால் துடைக்கலாம். ‘ஒண்டு, ரெண்டு, மூண்டு, காட்டுங்கோ’ என்றால் 36 ஊகமும் ஒரே நேரத்தில் உயரும். யார் எங்கே நிற்கிறார்கள் என்பதை ஒரு நிமிடத்தில் படித்துவிடலாம். முதல் ஊகம் இதில், முடிந்த முடிவு கொப்பியில் என்று பிரித்துக்கொண்டால் பயம் பாதி போகும். செலவே இல்லாத இன்னொன்று: கிழமைக்கு ஒருநாள், பெயர் சொல்லாமல் ஒரு பிழையான செய்கையைக் கரும்பலகையில் எழுதி, ‘இதைச் செய்தவர் என்ன நினைச்சிருப்பார்?’ என்று கேட்பது. அரையும் மூன்றில் ஒன்றும் கூட்டி ஐந்தில் இரண்டு என்று எழுதினவர் என்ன நினைத்தார்? பிழை எங்கே என்று கேட்பதைவிட இந்தக் கேள்வி ஆழமாகப் போகிறது.

எல்லாவற்றையும் பொருளால் காட்டலாம் என்று உங்களுக்கு யாராவது சொன்னால் நம்பாதீர்கள். மறை எண்ணைக் கூட்ட, கழிக்கக் கிணற்றுப் படியும் கடனும் உதவும். மறையை மறையால் பெருக்கினால் ஏன் நேர் வருகிறது என்பதற்கு நான் வைத்துப் பார்த்த கதைகள் எல்லாம் பிள்ளையைக் குழப்பின. கடைசியில் எண் கோலத்தையே நம்பினேன்: 3 × (−2) = −6, 2 × (−2) = −4, 1 × (−2) = −2, 0 × (−2) = 0. ஒவ்வொரு படியிலும் இரண்டு கூடுகிறது. அடுத்த படி என்ன? பிள்ளைகளே எழுதிவிடுவார்கள். அதுவும் ஊகம்தான், பொருள் இல்லாத ஊகம்.

வாய்பாட்டை விட்டுவிடலாம் என்று சொல்பவர்களோடும் நான் ஒத்துப்போகவில்லை. 7 × 8 ஐத் தேடிக்கொண்டிருக்கும் பிள்ளைக்கு 52 × 52 இல் என்ன அழகு தெரியும்? படித்ததைக் கொப்பி பாராமல் நினைவிலிருந்து எடுத்துப் பார்ப்பது நிலைக்கும் என்பது பல ஆய்வுகளில் உறுதியான விசயம். ஆகவே ஒவ்வொரு பாடவேளையும் போன மாதத்துக் கணக்கு மூன்றோடு தொடங்குங்கள். இதற்கு மாறாக, ‘பார்த்துக் கற்பவர், கேட்டுக் கற்பவர், செய்து கற்பவர்’ என்று பிள்ளைகளைப் பிரித்துப் படிப்பிக்கச் சொல்லும் பயிற்சிகள் வரும். 2008 இல் அந்த ஆய்வுகளை ஒருங்கே பார்த்த உளவியலாளர்கள், அப்படிப் பிரித்துக் கற்பிப்பதற்குப் போதிய ஆதாரம் இல்லை என்றே முடித்தார்கள். அதற்கென்று நேரம் செலவழிக்க வேண்டாம்.

என் எல்லையையும் சொல்லிவிடுகிறேன். ஆரம்பப் பிரிவு எனக்குப் பழக்கமில்லை, அதற்கு அந்த ஆசிரியர்களிடமே கேளுங்கள். எவ்வளவு முயன்றாலும் எண்ணே பிடிபடாமல் தத்தளிக்கும் பிள்ளை இருந்தால், அது வகுப்பறை யோசனையால் தீரும் என்று நினைத்துத் தாமதிக்காமல் விசேட கல்வி ஆசிரியரைக் காணுங்கள். கிழமைக்கு ஒரு செயற்பாட்டுக்கு மேல் நான் செய்ததில்லை, பாடத்திட்டம் அதற்கு மேல் இடம் தரவில்லை. மைதானத்தில் பிள்ளைகளைக் கண்டு ‘சோதினை வருது, கயிறு இழுத்து விளையாடுறீங்கள்’ என்று ஒரு மேலதிகாரி என்னைக் கண்டித்ததும் உண்டு. நான் பிள்ளைகளின் கொப்பியைக் காட்டினேன். அவர் சமாதானமாகவில்லை, ஆனால் தடுக்கவும் இல்லை. உங்களுக்கும் வரலாம், ஆகவே முதல்நாளே அதிபரிடம் சொல்லிவிட்டுச் செய்யுங்கள். இன்னொன்று, நான் சொன்ன உதாரணங்கள் செம்மண் தோட்டக்காரரின் பிள்ளைகளிடம் பிடிபட்டவை. உங்களிடம் இருப்பது கடற்றொழிலாளர் வீட்டுப் பிள்ளைகளாக இருக்கலாம். அவர்களுக்குப் பரப்பைவிட வலையும் கயிறும் ஆழமும் நெருக்கம். இரண்டு கையையும் விரித்தால் வரும் நீளமும் தங்கள் உயரமும் எவ்வளவு கிட்ட என்று ஊகிக்கச் சொல்லி அளக்க வையுங்கள். வீட்டில் ஆழத்தை எப்படி அளக்கிறார்கள், அதற்கு என்ன சொல் என்று கேட்டுவரச் சொல்லுங்கள். உதாரணம் அவர்களிடமிருந்தே வரும்.

அடுத்த கிழமைக்கு: தும்புக் கயிறு வேண்டாம், இழுக்க நீளும். மீன்பிடிக் கயிறு மெல்லியதாக 120 அடி எடுத்து, 52 இலும் 104 இலும் நிறத்துணி கட்டிக்கொள்ளுங்கள். நாலு தடி, ஒரு பை வெண்கட்டித் தூள் அல்லது சாம்பல். வெயில் ஏற முதல், தொடர்ந்து இரண்டு பாடவேளை கிடைக்கும் நாளாகப் பாருங்கள். வெளியே போக முதல் வகுப்பில் வைத்தே ‘ரெண்டு பரப்புச் சதுரத்துக்குப் பக்கம் எத்தினை அடி’ என்று கேட்டு, வந்த விடைகளை எல்லாம் கரும்பலகையில் எழுதுங்கள். திரும்பி வரும்வரை அதை ஒருவரும் துடைக்கவேண்டாம்.